பைய போல! தெருவுல ஸ்பீடு பாக்க நாமளே நின்னா என்ன?

ஜூன் 9, இரவு 9.40 (திருநெல்வேலி கே.டி.சி. நகர்ல இருந்து ஒருத்தர் கேட்டது)

என் மகன் இங்கிலாந்துல இருக்கான். போன மாசம் அங்க போயிருந்தப்ப பாத்தேன், ரிட்டயர்டு ஆன பெருசுங்க மூணு நாலு பேரு மஞ்ச சட்டைய மாட்டிக்கிட்டு ரோட்டோரம் நின்னு கையில ஒரு மெஷின வச்சு வார வண்டி ஸ்பீட பாத்து எழுதிக்கிட்டு இருந்தாவ. போலீஸ் கெடையாது, அந்த தெரு ஆளுங்கதான். நம்ம ஊர்ல தெருவுக்குள்ளயே எழுபதுல போறானுவ. நாமளும் இப்படி நின்னா என்ன? யாருக்காவது வெவரம் தெரியுமா?

ஜூன் 9, இரவு 10.25

அண்ணாச்சி, நான் ரிட்டயர்டு கணக்கு டீச்சர், பாளையங்கோட்டை. அதுக்குப் பேரு கம்யூனிட்டி ஸ்பீடுவாட்ச். எங்க கொழுந்தன் மக அங்க ஒரு சின்ன ஊர்ல இருக்கா, சனிக்கிழம சனிக்கிழம அவளும் போய் நிக்கா, அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வண்டிய மறிக்கக் கூடாது, ஃபைன் போட முடியாது, மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கவும் கூடாது, நல்லா தெரியுற மாதிரிதான் நிக்கணும். போலீஸ் ட்ரெயினிங் குடுக்கும். ஒருத்தர் மெஷின் பாக்க, ஒருத்தர் நம்பரும் கலரும் சொல்ல, ஒருத்தர் எழுத. எழுதுனத போலீஸ்ட்ட குடுத்தா வண்டிக்காரன் வீட்டுக்கு முதல்ல ஒரு லெட்டர் போவும், இன்ன நாளு இன்ன நேரம் உங்க வண்டி இவ்வளவு வேகத்துல போச்சு, பாத்துக்கிடுங்கன்னு. திரும்பத் திரும்ப மாட்டுனா போலீஸே வீட்டுக்கு வந்து பேசும். அவ்வளவுதான்.

அவ நிக்க ரோட்டுல 30 மைல் போர்டு, நம்ம கணக்குக்கு 48 கிலோமீட்டர். 35 மைல் தொட்டாத்தான் எழுதுவாவளாம், மெஷின் கூடக் கொறைய காட்டிரும்னு ஒரு கழிவு. வேல்ஸ்ல 2023 செப்டம்பர் 17-ல இருந்து வீடுங்க இருக்க ரோட்டுல பெரும்பாலும் 20 மைல்தான், 32 கிலோமீட்டர். அதுக்கு அங்க பெரிய சண்டையே நடந்துது.

நம்ம ஊர்ல இப்படி ஒரு லெட்டர் போனா, "யாருல போட்டுக் குடுத்தது"ன்னு விசாரிக்கத்தான் மொதல்ல வருவான்.

ஜூன் 11, காலை 11.05

டீச்சர்தான் எழுதுதேன். பேசிக்கிட்டே கெடக்கதுக்கு ஒரு நாளு நின்னு பாத்துருவோம்னு இன்னைக்கு நின்னேன். எங்க தெரு மெயின் ரோட்டு சிக்னல ஏமாத்திட்டுப் போறதுக்குத் தோதான தெரு, நேரா நீளமா கெடக்கும், அதான் வினையே. மெஷினெல்லாம் இல்ல, போன்ல ஸ்டாப்வாட்ச்சுதான். காலையில கோலம் போடும்போதே வாசலுக்கு நேரா ரோட்டக் குறுக்க ஒரு கோலப்பொடிக் கோடு, ரெண்டு கரண்டு போஸ்டு தள்ளி இன்னொரு கோடு. போஸ்டுக்குப் போஸ்டு 25 மீட்டர்னு எங்க வீட்ல அவிய சொன்னாவ, ஆக 50 மீட்டர். எதுத்த வீட்டு மைனி அந்தக் கோட்டுல நின்னு வண்டி தொட்டதும் முந்தானைய ஆட்டுவா, நான் அமுக்குவேன், எங்கிட்ட வந்து கோட்டத் தொட்டதும் திரும்ப அமுக்குவேன். 180-ஐ செகண்டால வகுத்தா வேகம். ஆறு செகண்டுன்னா 30, நாலரைன்னா 40, மூணுன்னா 60.

எட்டுல இருந்து ஒம்பது வரை 41 வண்டி. 40-க்கு மேல போனது 17. ஒரு ஷேர் ஆட்டோ 64-ல போச்சு, உள்ள ஒரு பாட்டி மடியில தூக்குச்சட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அவ மொகம் இன்னும் கண்ணுல நிக்கி.

ஜூன் 12, மதியம்

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்க தெருவே சேர்ந்து திட்டுற ஒரு பய உண்டு, புல்லட்டுல சைலன்சர மாத்திப் போட்டு டமடமன்னு வருவான், அவன் போனா ஜன்னல் கண்ணாடி அதுரும். எல்லாரும் எங்கிட்ட மொதல்ல அவன எழுதுங்க டீச்சர்னாவ. எழுதுனேன். 31.

சத்தமே இல்லாம வந்த ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், நல்ல குடும்பத்துப் பொண்ணு, பின்னால ஸ்கூல் பை மாட்டுன பிள்ள. 52.

இத்தன வருசமா நாங்க காத வச்சுத்தான் ஸ்பீடு பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்.

ஜூன் 13, இரவு 8.15

மேல ஒரு தம்பி கேட்டிருக்காரு, 40-க்கும் 60-க்கும் என்ன பெருசா வந்துரப் போவுதுன்னு. தம்பி எந்த பள்ளிக்கூடமோ, நம்ம பிள்ள இல்லன்னு நெனைக்கேன்.

30-ல போனா ஒரு செகண்டுக்கு எட்டு மீட்டர் சொச்சம். முடுக்குல இருந்து பந்து உருண்டு வருது, பின்னாலயே ஒரு பிள்ள ஓடி வருதுன்னு வைங்க, நீங்க பாத்து, மூளைக்கு ஏறி, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஒரு செகண்டு போயிரும், அதுல எட்டு மீட்டர் காலி. அப்புறம் நல்ல ரோடு நல்ல டயர்னா இன்னொரு அஞ்சு மீட்டர்ல வண்டி நிக்கும். 60-ல அந்த ஒரு செகண்டுக்கே 17 மீட்டர், பிரேக் புடிச்ச பிறகு 20 மீட்டர். வேகம் ரெண்டு மடங்குன்னா பிரேக் தூரம் நாலு மடங்கு, வர்க்கத்துல ஏறும். 13 எங்க, 37 எங்க. எங்க வாசல்ல இருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் மொத்தமே 37 வராது.

சட்டப்படி 60 போலாமேன்னு இன்னொருத்தர். 2018-ல மத்திய அரசு போட்ட அறிவிப்புல முனிசிபல் எல்லைக்குள்ள காருக்கு 70, பைக்குக்கு 60-னு இருந்தது நெசந்தான். அது மேல்வரம்பு, அதக் கொறச்சுக்கிடலாம். சென்னையில 2023 நவம்பர்ல குடியிருப்புத் தெருவுக்கு எல்லா வண்டிக்கும் 30-னு போலீஸ் வச்சாச்சு.

ஜூன் 15, காலை 7.20

மன்னிக்கணும். மேல எழுதுன நம்பர் எல்லாம் தப்பு.

போஸ்டுக்குப் போஸ்டு 25 மீட்டர்னு அவிய சொன்னத நம்பி எழுதிட்டேன். நேத்து கொத்தனார்ட்ட இருந்து பெரிய டேப்ப வாங்கி அளந்தா 22 தான் இருக்கு. ஆக 44 மீட்டர், 180-க்குப் பதிலா 158.4-ஐ வகுக்கணும். அந்த ஷேர் ஆட்டோ 64 இல்ல, 56 கிட்ட. ஸ்கூட்டர் பொண்ணு 46. புல்லட் பய 27! 27-ல போற பயல ஊரே சேர்ந்து திட்டிக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொண்ணு, கையால அமுக்குறதுல கால் செகண்டு முன்ன பின்ன போவத்தான் செய்யும். 50 மீட்டர் கணக்குல சொன்னா நெசமா மூணு செகண்டு ஆன வண்டிக்கு நான் 2.75-ல அமுக்கிட்டா 65, 3.25-ல அமுக்கிட்டா 55. பத்து கிலோமீட்டர் என் பெருவிரல்லயே இருக்கு. தனித்தனியா ஒரு வண்டிய புடிச்சு நீ 48-ல போனன்னு சண்டைக்குப் போவ இது ஆவாது. நூறு வண்டிய எழுதி மொத்தமா பாத்தா ஆவும். கோட்ட இன்னைக்கு 50-க்கு மாத்திப் போட்டாச்சு.

ஜூன் 15, காலை 7.50

ஆமா, கணக்கு டீச்சர்தான். சிரிங்க.

ஜூன் 22, மாலை

பத்து நாளு எழுதியாச்சு. எல்லாருக்கும் ஒரு நெனப்பு, ஸ்பீடா போறது வெளியூர்க்காரன், காலேஜ் பய, டெலிவரி பயன்னு. டிஎன் 74 போட்ட கார் ஒண்ணு வந்தா போதும், பாரு நாகர்கோயில்காரன் எப்படி வாரான்னு மைனி ஆரம்பிச்சிருவா. நோட்ட புரட்டுனா எல்லாம் டிஎன் 72, நம்ம திருநெல்வேலி வண்டி. எல்லாம் நம்ம பாளை, நம்ம டவுனு, நம்ம மேலப்பாளையம்.

நேரத்த பாத்தா இன்னும் வெக்கக்கேடு. ராத்திரிதான் பேய் மாதிரி போறானுவன்னு பேச்சு, நெசத்துல காலை 8.35-ல இருந்து 8.55 வரைதான் உச்சம். ஸ்கூல் மணி அடிக்கதுக்குள்ள பிள்ளைய கொண்டு விடுற அப்பனும் ஆத்தாளும். பிள்ளைய முன்னால நிக்க வச்சு ஒருத்தரு, டை கட்டுன பிள்ள வாயில இட்லிய வச்சுக்கிட்டு. அதே பிள்ளைய விட்டுட்டு 9.10-க்கு திரும்பி வரும்போது அதே ஆளு 28-ல வாராரு, போன்ல பேசிக்கிட்டு.

எங்கிட்ட படிச்சவங்க பதினோரு பேரு இதுல. ஒருத்தன் நின்னு, "டீச்சர், என்ன இன்னும் மார்க் போட்டுக்கிட்டு இருக்கீங்க"ன்னான்.

ஜூன் 23

பைய போலன்னா என்னன்னு கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காவ. பையன்னும் இல்ல, பையும் இல்ல. பையன்னா மெதுவா, போலன்னா போடா. எங்க சீமையில வீட்ட விட்டு எறங்குற எவனுக்கும் ஆச்சியோ அம்மையோ கடைசியா சொல்றது இதான், பைய போ மக்கா. கேட்ட பயலும் உம்னுட்டு கிக்கர மிதிப்பான்.

ஜூன் 29, இரவு 11.30

இத எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாளா யோசிச்சேன். எழுதிருதேன்.

நானும் மைனியும் நிக்க வரைக்கும் ஒண்ணும் இல்ல. ரெண்டு கிழடு கோலப்பொடிய வச்சு வெளையாடுதுன்னு விட்டுட்டாவ. போன வாரம் தெரு ஆம்பளைங்க நாங்களும் வாரோம்னாவ, எனக்கும் சந்தோசம், எட்டு பேரு வந்தாவ. ஒருத்தர் விசில் கொண்டாந்தாரு. இன்னொருத்தர் எதுக்குன்னு தெரியல, ஒரு கம்பு. முத நாளு எழுதுனாவ. ரெண்டாம் நாளு ஒரு பயல மறிச்சாவ. பதினெட்டு பத்தொம்பது வயசு இருக்கும், 44-ல வந்தான், அதே நேரத்துல எங்க தெரு டாக்டர் கார் 51-ல போச்சு, அத யாரும் மறிக்கல. நான் வாட்ச்ச பாத்துக்கிட்டு இருக்கும்போதே வண்டிச் சாவிய ஒருத்தர் புடுங்கிட்டாரு, பைய போல மூதின்னு ஒரு சத்தம், அது வரைக்கும் சரின்னு வைங்க, அடுத்து கேட்ட கேள்விதான், "எந்த ஊருல நீ? யாரு மவன்?"

நம்ம ஊர்ல இந்தக் கேள்விக்கு அப்பன் பேர சொன்னா போதாதுன்னு எல்லாருக்கும் தெரியும். பயலுக்கும் தெரியும். அவன் கையில கட்டியிருந்த கயித்துக் கலர ஒருத்தர் பாத்தாரு, வண்டி முன்னால இருந்த ஸ்டிக்கர இன்னொருத்தர் பாத்தாரு, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. ஸ்பீடு எங்க போச்சு? அந்த நிமிசத்துல 44-ஆவது 54-ஆவது. பய ஒண்ணும் பேசல, தரைய பாத்துக்கிட்டு நின்னான். முப்பத்தி நாலு வருசம் கிளாஸ்ல நின்னவ நான், பயந்த மொகத்துக்கும் அவமானப்பட்ட மொகத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். சாவிய வாங்கி அவன்ட்ட குடுத்து போ மக்கான்னேன். நான் அப்பவே நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டிருக்கணும். கேக்கல. வீட்டுக்குள்ள வந்து கதவ சாத்திக்கிட்டேன்.

எங்க கொழுந்தன் மக மறிக்கக் கூடாதுன்னு சொன்னப்ப, அது என்னமோ வெள்ளைக்காரன் நாசூக்குன்னு நெனச்சேன். இங்க அது இன்னும் கட்டாயம்.

ஜூன் 30

மேல நிறைய பேரு கோவமா எழுதியிருக்கீங்க, எங்க ஏரியாவுல அப்படியெல்லாம் இல்லன்னு. இருக்கட்டும்.

நேத்து தெரிஞ்ச ஒரு போலீஸ்காரத் தம்பிட்ட கேட்டேன். அவரு சொன்னது ஒரே வரி: "நில்லுங்க, எழுதுங்க, வண்டியில கை வைக்காதீங்க டீச்சர்." பொதுமக்கள போலீஸ் கூட சேக்குற வேல நம்ம ஊருக்கு புதுசும் இல்ல. 1993-ல ராமநாதபுரத்துல ஆரம்பிச்ச ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தமிழ்நாடு முழுக்க இருந்துச்சு, நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாவ. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் காவல்ல செத்த பிறகு அதுலயும் அந்த ஆளுங்க பேரு அடிபட்டுது, ஜூலையில அரசாங்கமே தடை போட்டுட்டு. சாத்தான்குளம் நமக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம் ஆவாது.

அதனால இனிமே நம்பர் பிளேட் எழுதப் போறது இல்ல. நேரம், என்ன மாதிரி வண்டி, எத்தன செகண்டு. அவ்வளவுதான். பழைய நோட்டுல நம்பர் இருந்த பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். ஏன்னா அந்த நோட்ட பாக்கணும்னு ஒரு அண்ணாச்சி வந்தாரு, ஸ்பீட பாக்க இல்ல, அவரு மக யாரு பைக்குல போனான்னு பாக்க.

ஜூலை 9

ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போயிருந்தேன். ரத வீதியில நின்னு பாக்கும்போது இந்த இழைதான் ஞாபகம் வந்துது. தேரு வடத்த இழுக்க ஆயிரம் பேரு வருவான், சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறதுக்கு நாலு பேருதான். திருப்பத்துல அந்த நாலு பேரு இல்லன்னா தேரு நேரா கடைக்குள்ள போயிரும். ஆனா எவனயாவது முட்டுக்கட்டை போடாதலன்னா திட்டாத்தான் எடுத்துக்கிடுதோம்.

சம்பந்தம் இல்ல, சும்மா தோணுச்சு.

ஜூலை 14, மாலை

திங்கக்கிழம மனு நாளு. மூணு வார கணக்க ஒரே பக்கத்துல மணிவாரியா கட்டம் போட்டு எழுதிக்கிட்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். முறையான வேகத்தடை ரெண்டு வேணும்னு மனு. ரசீது குடுத்தாவ.

முடிச்சுட்டு சுலோசன முதலியார் பாலத்துல நின்னு கரும்புச் சாறு குடிச்சோம். கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த மனுசன், சொந்தப் பணத்தப் போட்டு 1843-ல ஆத்துக்கு மேல பாலத்தையே கட்டி முடிச்சுட்டாரு. நமக்கு பத்து சென்டிமீட்டர் மேட்டுக்கு மனுன்னு மைனி சொல்லுதா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

ஜூலை 27, காலை 6.45

ராத்திரி யாரோ எங்க தெருவுல வேகத்தடை போட்டுட்டாவ. யாரோன்னு என்ன, எங்க தெரு ஆளுங்கதான், ஒரு வீட்ல காங்கிரீட் வேல நடக்கு, மிச்சத்த கொண்டாந்து கொட்டி மட்டப்பலகையில ஒரு இழுப்பு. பெயிண்டும் இல்ல, போர்டும் இல்ல.

அஞ்சரைக்கு பால்காரர் விழுந்துட்டாரு. 20 வருசமா இந்த தெருவுக்கு பால் ஊத்துறவரு, 15-க்கு மேல போவாத ஆளு. இருட்டுல மேடு தெரியல. கேன் ரெண்டும் உருண்டு ரோடு முழுக்க பாலு. மணிக்கட்டுல எலும்பு முறிவு.

ஜூலை 27, இரவு

காலையில கோவத்துல எழுதிட்டேன், ஒண்ண மறச்சுட்டேன். அந்த வேலைக்கு வீட்டுக்கு 500 வசூல் பண்ணுனாவ, நானும் குடுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்.

அளந்து பாத்தேன். உயரம் 19 சென்டிமீட்டர், அகலம் 40. அது வேகத்தடை இல்ல, சுவரு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற அளவு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துல இருந்து வெட்டி எடுத்த வில் மாதிரி. ரெண்டு வரி கணக்கு போட்டா சரியா வருது, 3.7-ஐ 3.7-ஆல பெருக்கி 136-ஆல வகுங்க, 0.1 மீட்டர். அந்த வளைவுல 25-ல போனா வண்டிக்கும் முதுகுக்கும் ஒண்ணும் ஆவாது, 50-ல போனாத்தான் தூக்கிப் போடும். நாங்க போட்டது 10-ல போனாலும் தூக்கிப் போடும். பதினஞ்சுல வந்தவருக்குத்தான் கை போச்சு, அம்பதுல வாரவன் ஓரத்துல சாக்கடை ஸ்லாப் மேல ஏத்தி வளைச்சுப் போயிட்டான், நானே பாத்தேன்.

ஜூலை 29

மேட்ட உடைச்சாச்சு. உடைக்கதுக்கு 1,800. பால்காரர் ஆஸ்பத்திரிச் செலவ தெரு ஏத்துக்கிட்டுது, ஏத்துக்க வச்சோம். அவரு மகதான் இப்ப பால் ஊத்துதா, பன்னெண்டாப்பு படிக்க பிள்ள, காலையில ரெண்டு மணி நேரம் போயிருது. கணக்குல சந்தேகம் இருந்தா வான்னு சொல்லியிருக்கேன். டெய்லி வாரா.

ஆகஸ்ட் 18

பதினஞ்சு வயசுப் பிள்ளைய ஸ்கூட்டர் எடுக்க விடலாமா, தெருவுக்குள்ளதானேன்னு ஒரு அம்மா. 2019-ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டத்துல அதுக்கு அப்பா அம்மாவுக்குத்தான் தண்டனை, 25,000 ரூவா, மூணு வருசம் வரை ஜெயில், வண்டி பதிவு ஒரு வருசத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. பெரியவங்க கார்ல ஸ்பீடா போனா அதே சட்டத்துல 1000-ல இருந்து 2000 வரை. ஆனா அதுக்கு போலீஸ்ட்ட முறையான கருவி வேணும். என் ஸ்டாப்வாட்ச்ச கோர்ட்ல காட்டுனா ஜட்ஜையா சிரிப்பாரு.

செப்டம்பர் 21

மனு நெலவரம் கேக்கீங்க. அளந்துட்டுப் போயிருக்காவ. அதுக்கு மேல தகவல் இல்ல.

ஒரு வேடிக்கை. சும்மா கெடக்கே, எழுதிக்கிட்டே இருப்போம்னு வாரத்துல ரெண்டு நாளு எழுதிக்கிட்டுத்தான் இருக்கோம். ஜூன்ல காலை நேரம் பத்துல நாலு வண்டி 40-க்கு மேல, இப்ப பத்துல ஒண்ணரை. நாங்க நிக்கதால பைய போறானோன்னு சந்தேகம் வந்து, ஒரு வாரம் மாடியில துணி காயப்போடுற மறைவுல இருந்து பாத்தேன் (ஒளிஞ்சு நிக்கக் கூடாதுன்னு மேல எழுதுனவளும் நான்தான், ஞாபகம் இருக்கு). யாரும் நிக்காட்டியும் கோட்டுக்கிட்ட வந்ததும் ஆக்சிலேட்டர விடுதான். கோலத்து மேல வண்டி ஏத்த நம்ம ஆளுக்கு கால் கூசுதுன்னு மைனி சொல்லுதா. எனக்கு அது அவ்வளவு நம்பிக்கை இல்ல. கோடு போடாம ஒரு வாரம் பாத்தாத்தான் தெரியும், பாக்கணும்.

அந்தப் பதினெட்டு வயசுப் பய ரெண்டு மூணு தடவ போயிட்டான். திரும்பிப் பாக்க மாட்டேங்கான். அவன் செகண்டு நான் எழுதுறது இல்ல.

அக்டோபர் 12, காலை

கோடு போடாம ஒரு வாரம் பாத்தாச்சு. பத்துல மூணு. ஆக கோட்டுக்கு வேல இருக்கு, கூசுறது எதுக்குன்னு தெரியல, இருந்துட்டுப் போட்டும்.

பால்காரர் கட்டு பிரிச்சு வந்துட்டாரு, நேத்து என் கோட்டத் தாண்டும்போது, "டீச்சரம்மா, நான் எத்தன"ன்னு கேட்டாரு. 12.

ஐப்பசி பொறக்கப் போவுது, மழை ஆரம்பிச்சா கோலப்பொடி ஒரு நாளு நிக்காது. யாரு வீட்லயாவது ரோட்டுக்கு அடிக்க பெயிண்ட் மிச்சம் இருந்தா சொல்லுங்க, ரெண்டு லிட்டர் போதும். அடிக்கதுக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்து கேட்டிருக்கேன், வாய்மொழியா சரின்னுருக்காவ, பேப்பர் வரட்டும். வெள்ள வேணும். பச்ச, நீலம், செவப்பு, மஞ்ச எதுவும் வேண்டாம், எங்க தெருவுல கலருக்கு அர்த்தம் சொல்ல ஆளு நிறைய.